கதம்ப பெல்ட்டும் மூன்று ஓலைகளும்

பொண்ணு பார்க்கப் புறப்பட்ட அன்று காலையில் அம்மா எனக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள்.

"ஏலே, அங்க போயி கம்ப்யூட்டர் கேமு, அது இதுன்னு வாயத் தொறக்காத. முப்பது வயசாகப் போகுது. கேட்டா சிரிப்பாக."

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். பகலெல்லாம் பேனல் போர்டு, சென்சார், ஒயர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து, ஆளே இல்லாத ஒரு கிரகத்தில் ஃபேக்டரி கட்டுகிற விளையாட்டில் உட்கார்ந்துவிடுவேன். தரையில் இரும்பு தோண்ட வேண்டும், பெல்ட்டில் ஏற்ற வேண்டும், உருக்க வேண்டும், பல்சக்கரம் செய்ய வேண்டும், அதை வைத்து இன்னொரு மெஷின் செய்ய வேண்டும். இப்படியே போய்க் கடைசியில் ஒரு ராக்கெட் விட வேண்டும். கதை அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்கு மாதக்கணக்கில் ஆகும். "மில்லுல இருந்து வந்து மறுபடியும் மில்லா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

பெண் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பஸ் ஏறினோம். பெண்ணின் அப்பா பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையில், பாக்கெட்டில் டிக்கெட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ளத் தோன்றியது. ஜெபம், கேசரி, காப்பி எல்லாம் ஆன பிறகு, "ரெண்டு பேரும் செத்த நேரம் பேசிட்டு வரட்டும்" என்று எங்களைப் பின்பக்கம் அனுப்பினார்கள். துணி காய்கிற கொடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். அது எனக்கு முன்பே தெரியும். அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவளே தொடங்கினாள்.

"லீவு நாள்ல என்ன செய்வீங்க?"

"கோயிலுக்குப் போவேன். கிரிக்கெட் பாப்பேன். வேற என்ன, தூங்குவேன்."

"ஓ" என்றாள். பிறகு கொடியில் இருந்த கிளிப் ஒன்றைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "நான் ஃபேக்டரி கட்டுவேன்" என்றாள்.

"என்னது?"

"கம்ப்யூட்டர்ல. எங்கம்மா இதச் சொல்லக் கூடாதுன்னு சொன்னாக. பொறவு தெரிஞ்சு சங்கடப்படக் கூடாதுல்லா, அதான் சொல்லிட்டேன்." விளையாட்டின் பெயரையும் சொன்னாள். நான் விளையாடுகிற அதே விளையாட்டு.

அம்மாவின் கட்டளை அந்த நிமிஷமே காற்றில் போயிற்று. எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறேன், எந்த இடத்தில் எண்ணெய் எடுத்தேன், எங்கே பூச்சிகள் வந்து என் சுவரைத் தின்றன, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். அவள் கண்கள் விரியக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"பெல்ட்ல என்னென்ன போகுது, எம்புட்டுப் போகுதுன்னு எப்படி எண்ணுவீங்க? சர்க்யூட் போட்டுத்தான?"

"பின்ன? அது இல்லாம எப்படி?" என்றேன்.

அப்பட்டமான பொய். அந்த விளையாட்டில் சிவப்பு ஒயர், பச்சை ஒயர் என்று இரண்டு உண்டு. அவற்றைப் பெல்ட்டில் மாட்டி, அதன்மேல் என்ன போகிறது என்று சிக்னலாகப் படிக்கலாம். நான் அவற்றைத் தொட்டதே இல்லை. பகலெல்லாம் ஒயரோடு மாரடித்துவிட்டு வீட்டிலும் ஒயரா என்று விட்டுவிட்டேன். பொருள் குறைந்தால் இன்னொரு பெல்ட் போடுவேன். அதுவும் குறைந்தால் இன்னொன்று. என் ஃபேக்டரி முழுக்கப் பெல்ட்தான்.

திரும்புகிற பஸ்ஸில் அம்மா மெதுவாகக் கேட்டாள், "பிடிச்சிருக்கா?" நான் தலையாட்டிய வேகத்தைப் பார்த்து அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

இரண்டு வீட்டிலும் சம்மதம் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை அவளிடமிருந்து முதல் போன். நலம் விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். "சனிக்கிழமை சாயங்காலம் உங்க ஃபேக்டரிக்குள்ள நான் வரலாமா? சர்க்யூட்டப் பாக்கணும்."

நாலு நாள் இருந்தது. மில்லில் இருபதடி நீளப் பேனலுக்கு ஒயரிங் போட்ட எனக்கு, அந்த விளையாட்டின் சின்னப் பெட்டிகள் ஒன்றும் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை வரை முட்டிப் பார்த்தேன். கடைசியில் மானம் காக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். பெல்ட் நெடுகச் சிவப்பு ஒயரை இழுத்து, பக்கத்தில் வரிசையாக விளக்குகளை நட்டு, கலர் கலராக எரியவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை அவள் என் உலகத்துக்குள் வந்தாள். திரையில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு சின்ன உருவம், என் பெல்ட்டுகளுக்கு நடுவே தாண்டித் தாண்டி ஓடியது. போனில் அவள் குரல்.

"ஆத்தாடி, எம்புட்டுப் பெல்ட்டு! சரி, இந்த பல்பெல்லாம் எதுக்கு எரியுது?"

"சிக்னல்."

"என்ன சிக்னல்?"

"பெல்ட்ல பொருள் போகுதுன்னு."

"பெல்ட்டு காலியாத்தான கிடக்கு?"

அவள் ஒரு பெல்ட்டைத் திறந்து பார்த்துவிட்டாள். எந்தத் துண்டிலும், மேலே போகிற பொருளைப் 'படி' என்று சொல்கிற கட்டத்தை நான் டிக் அடிக்கவே இல்லை. அடுத்த பெல்ட்டையும் திறந்து பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி சிரித்தாள். பின்னால் அவள் அம்மா, "ஏட்டி, என்னட்டி அப்படி ஒரு சிரிப்பு?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

"பொய் சொல்லிட்டேன். சர்க்யூட்டே தெரியாது" என்றேன்.

"சீரியல் லைட்டு போட்டு ஏமாத்தப் பாத்திருக்கீக. கிறிஸ்மஸா வருது?" என்றாள். கோபமே இல்லை. "சரி, நம்ம ரெண்டு பேருமா புதுசா ஒண்ணு கட்டுவோம். கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பாகள்ல, மூணாவது ஓலைக்கு முன்னாடி ராக்கெட் விட்டுறணும். சரியா?"

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, ஆராதனை நடுவே மாப்பிள்ளை பெண் பேரை வாசிப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். முதல் ஓலைக்கு ஆறு வாரம் இருந்தது. தினமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, ராஜபாளையத்தில் நானும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளும் ஒரே ஃபேக்டரியைக் கட்டினோம்.

கதம்ப பெல்ட் அவளுடைய யோசனை. ராக்கெட்டுக்கு முன் நிறைய ஆராய்ச்சி செய்ய வேண்டும். ஆராய்ச்சிக் கூடங்களுக்கு ஆறு நிறத்தில் பாட்டில்கள் போக வேண்டும். லேபில் வேலை பார்க்கிறவள் என்பதால் அவள் அவற்றைச் சாம்பிள் என்பாள். நிறத்துக்கு ஒரு பெல்ட் போடாமல், ஒரே பெல்ட்டை வட்டமாகப் போட்டு, ஆறு நிறத்தையும் அதன்மேல் கலந்து சுற்ற விடலாம் என்றாள். கூடங்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளும். கதம்பம் மாதிரி இருக்கும் என்று சொல்லி அதற்குப் பெயரும் வைத்தாள்.

முதல் நாளே அடைத்துக்கொண்டது. சிவப்பு பாட்டில் செய்வது சுலபம் என்பதால் அதுவே வந்து வந்து ஏறி வட்டம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. மஞ்சளுக்கு நுழைய இடமில்லை. ஒன்றும் நகரவில்லை. அப்படியானால் வட்டத்தில் எந்த நிறம் எத்தனை இருக்கிறது என்று எண்ண வேண்டும். போதுமான அளவு வந்ததும் அந்த நிறத்தை ஏற்றுகிற இயந்திரக் கைகளை நிறுத்த வேண்டும். இங்கேதான் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது.

பெல்ட்டின் ஒரு துண்டில் ஒயரை மாட்டினால் அது இரண்டு விதமாகப் பேசும். ஒரு விதத்தில், ஏதாவது பொருள் தன்மேல் ஏறும்போது 'இதோ ஒன்று' என்று ஒரே தடவை சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். இன்னொரு விதத்தில், இந்த நொடி தன்மேல் என்னென்ன இருக்கிறது என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் முதல் கட்சி. ஏறுகிற இடத்தில் கூட்டு, இறங்குகிற இடத்தில் கழி. மில்லில் பேக்கிங்குக்குப் போகிற நூல் கோன்களை அப்படித்தான் எண்ணுகிறோம். அவள் இரண்டாவது கட்சி.

"ஸ்லைடுல ரத்த அணுவ எண்ணும்போது, இதுக்கு முன்னாடி எத்தன வந்துச்சு, எத்தன போச்சுன்னா கேப்பாக? இப்ப என்ன நிக்கோ அதத்தான் எண்ணணும்."

"வட்டத்துல அறுபத்து நாலு துண்டு இருக்கு. அம்புட்டுக்கும் யாரு ஒயர் மாட்டுறது?"

"எலக்ட்ரீஷியன் நீங்கதான?"

நான் விடவில்லை. என் முறையிலேயே கட்டினேன். பொய் சொன்னதற்குப் பரிகாரமாக நானே உட்கார்ந்து படித்து, கூட்டவும் கழிக்கவும் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் ஒரு சர்க்யூட் போட்டேன். மூன்று நாள் அற்புதமாக ஓடியது. நாலாவது நாள் அவள் பெல்ட்டைத் தாண்டி ஓடும்போது கைதவறி ஏதோ ஒரு பட்டனை அழுத்த, ஒரு கொத்து சிவப்பு பாட்டில் அவள் பைக்குள் போய்விட்டது. "அய்யய்யோ" என்று மறுபடி அழுத்தினாள். இன்னொரு கொத்து போயிற்று. என் சர்க்யூட்டுக்கு அது தெரியாது. வட்டத்தில் சிவப்பே இல்லை, அதுவோ போதுமான சிவப்பு இருக்கிறதென்று சாதித்தது. ஆராய்ச்சி நின்றது. அது கைதவறி நடந்ததில்லை என்று கல்யாணம் முடிந்த பிறகுதான் ஒத்துக்கொண்டாள்.

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அறுபத்து நாலு துண்டுக்கும் ஒயர் மாட்டினேன். இப்போதைய புது அப்டேட்டில் ஒரு துண்டில் மாட்டினால் முழு வட்டமும் கணக்குச் சொல்லிவிடுகிறது. அன்றைக்கு அந்த வசதி இல்லை. கடைசித் துண்டை மாட்டியதும், எல்லாத் துண்டும் சொல்கிற எண்கள் கூடி, ஆறு நிறத்துக்கும் ஆறு எண்ணாக ஒரு கம்பத்தில் தெரிந்தன. அவள் வேண்டுமென்றே ஒரு கொத்தை அள்ளினாள். எண் இறங்கியது. கை உடனே நகர்ந்து குறைந்ததை ஏற்றியது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து கை தட்டினேன். அடுப்படியிலிருந்து அம்மா, "கிரிக்கெட்டா? யாரு ஜெயிச்சா?" என்றாள்.

"மருமக" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாவதும் வாசித்தார்கள். ஆராய்ச்சி வேகமாக நடக்க வேண்டும் என்று நிறத்துக்கு நாற்பது என்றிருந்த அளவை எண்பதாக ஏற்றினோம். ஆறு நிறம், மொத்தம் நானூற்று எண்பது. வட்டம் நெருக்கிப் பிடித்தால் ஐந்நூற்றுப் பன்னிரண்டு கொள்ளும். கணக்குச் சரி. ஆனாலும் மறுபடி அடைத்துக்கொண்டது. சரிசெய்வோம், அரை மணி நேரத்தில் திரும்ப அடைக்கும். கடைசி ஆராய்ச்சி பாதியில் நின்றது. ராக்கெட்டுக்கு வேண்டிய சாமான்களையெல்லாம் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, காரணம் தெரியாமல் அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம்.

மூன்றாவது ஓலைக்கு முந்தின சனிக்கிழமை, எனக்கு வார லீவு. காலை பத்து மணிக்கு அவள் அப்பா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தனியாக. சொல்லாமல் கொள்ளாமல்.

அம்மா பதறிப்போய்க் காப்பி போட ஓடினாள். "காப்பி பொறவு பாத்துக்கலாம்" என்றார் அவர். காப்பியை வேண்டாம் என்று ஒரு சம்பந்தி சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குத் தெரியும். அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாப்ள, நேரடியாவே கேக்கேன். மனசுல வச்சுக்கிட்டு நாளைக்கு மூணாவது ஓலை வாசிக்க விடக் கூடாது. தெனமும் சாயங்காலம் நீங்களும் எம்மகளும் போன்ல பேசுதீக. பேசுங்க, வேண்டாங்கல. ஆனா கல்யாணப் பேச்சு ஒண்ணும் காணோமே? 'பச்ச எம்பதுல நிக்கி, மஞ்ச விழுந்துருச்சு, இப்பமே உள்ள போடுங்க'ங்கா அவ. 'எல்லாம் போச்சு, திரும்ப மொதல்ல இருந்து'ங்கீக நீங்க. பேப்பர்ல படிக்கேன்ல. ஆன்லைன் சூதாட்டமா மாப்ள?"

எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அம்மாதான் முதலில் பேசினாள். "சூதாட்டமெல்லாம் எம்புள்ளைக்குத் தெரியாது சம்பந்தி. ஏலே, கேமா? அந்தக் கேமுதானா? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"மாமா, செத்த உள்ள வாங்க" என்று அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். ஃபேக்டரியைத் திறந்தேன். இது இரும்பு, இது செம்பு, இது உங்கள் மகள் போட்ட எண்ணெய்க் குழாய், இது நாங்கள் இரண்டு பேரும் போட்ட கதம்ப பெல்ட். பச்சை என்றால் இந்தப் பச்சை பாட்டில், மஞ்சள் என்றால் இந்த மஞ்சள். உள்ளே போடுவது பெல்ட்டுக்குள். வேறு எதிலும் இல்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பாட்டில்கள் வட்டத்தில் வந்தன, போயின.

"இது ரவுண்டு டிரிப்பா?" என்றார்.

"ஆமா மாமா."

"அந்தக் கை ஏத்தி விடுது, இந்தக் கை எறக்குது."

"ஆமா."

"உள்ள எத்தன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

எங்கள் சண்டையை முழுவதும் சொன்னேன். ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணுகிற என் முறை, நிற்பதை எண்ணுகிற அவள் முறை. அவர் முகம் மாறியது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒங்க முறை கண்டக்டர் கணக்கு மாப்ள. டிக்கெட்டு கிழிச்சதச் சொல்லும். எம்மக முறை செக்கிங் கணக்கு. பஸ்ஸுக்குள்ள ஏறித் தலைய எண்ணுறது. முப்பது வருசம் நான் பாத்த வேல. தலைதான் நெசம்." குரலில் பெருமை தாங்கவில்லை. "நான் சொல்லிக் குடுக்கவே இல்ல, பாருங்க. அவளாக் கண்டுபிடிச்சிருக்கா."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டம் அடைத்துக்கொண்டது.

"என்ன ஆச்சு?"

"அதான் மாமா தெரியல. நானூத்தி எம்பதுக்கு மேல ஏத்தாதன்னு சொல்லியிருக்கோம். எண்ணுறதும் சரியாத்தான் எண்ணுது. ஆனாலும் நெரிஞ்சிருது."

"செத்த நிப்பாட்டுங்க."

விளையாட்டை நிறுத்தினேன். திரையில் எல்லாம் அப்படியே உறைந்து நின்றன. அவர் பேனாவை எடுத்து, திரையைத் தொடாமல், பெல்ட் ஓரமாகவே நகர்த்திக்கொண்டு போனார். பழைய பழக்கம் போல வாய்க்குள் எண்ணினார். ஏற்றுகிற கைகள் இருக்கும் இடத்தில் பேனா நின்றது.

"இந்தா, கையில மூணு மூணாத் தூக்கிட்டு நிக்கே. இது கணக்குல உண்டா?"

"இல்ல மாமா. அது இன்னும் பெல்ட்டுக்கு வரலையே."

"படிக்கட்டுல தொங்குறவன பஸ்ஸுல இல்லைன்னு சொல்லுவீகளா? வண்டிக்குள்ள எடம் இருக்குன்னு நீங்க கணக்குப் போட்டு முடிக்கிறதுக்குள்ள அம்புட்டுப் பேரும் உள்ள வந்துருவான்."

நிறத்துக்கு நாலு கை, ஒவ்வொன்றிலும் மூன்று பாட்டில். ஆறு நிறத்துக்கு எழுபத்திரண்டு. எண்பது ஆயிற்று, நில் என்று சொன்னாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத்தான் நிற்கும். நானூற்று எண்பதோடு எழுபத்திரண்டு. ஐந்நூற்றுப் பன்னிரண்டு பிடிக்கிற வட்டத்தில் ஐந்நூற்று ஐம்பத்திரண்டு. நெரியாமல் என்ன செய்யும்?

நான் "மாமா!" என்று கத்திவிட்டேன். உடனே லேபுக்குப் போன் போட்டேன். யாருக்கோ ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாளாம். இரண்டு நிமிஷத்தில் அவளே திருப்பிக் கூப்பிட்டாள். "படிக்கட்டுல தொங்குறவங்கள எண்ணல! கையில இருக்கிறதச் சேத்துப் படிக்கணும்!" என்றேன்.

"அட, ஆமா! எப்படித் தோணுச்சு?"

"மாமா சொன்னாக."

"எந்த மாமா?"

"உங்கப்பா. இங்கதான் பக்கத்துல இருக்காக."

"எங்கப்பாவா? அங்க என்ன செய்தாக?"

போனை வாங்கிக்கொண்டு அவர், "செக்கிங் வந்தேன்" என்றார்.

கைகளையும் அதே ஒயரில் சேர்த்து, கையில் இருப்பதையும் படிக்கச் சொன்னேன். விளையாட்டை ஓடவிட்டேன். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. கதம்பம் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மா இரண்டாவது தடவையாகக் காப்பி கொண்டுவந்தபோது அவர் மறுக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் தோளில் கை வைத்து, "ராக்கெட்டு எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

"சாயங்காலம் ஏழுக்குள்ள விட்டுருவோம் மாமா."

"அப்ப நாலு மணி பஸ் வரைக்கும் நிக்கக் கூடாது, இப்பமே போகணும். வீட்டுல எல்லாத்தையும் உக்கார வைக்கணும்ல."

ஆறே முக்காலுக்கு ராக்கெட் தயார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுக்குப் பின்னால் அவள் அப்பாவும் அம்மாவும். ராஜபாளையத்தில் எனக்குப் பின்னால் என் அப்பா, கையில் ஈரத் துணியோடு அம்மா. "நீங்க அமுக்குங்க" என்றேன். "இல்ல, நீங்க" என்றாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்ததில் பொறுமை இழந்து அவள் அப்பா, "யாராவது ஒருத்தர் விசிலக் குடுங்கப்பா, வண்டி கெளம்பட்டும்!" என்றார். அவள்தான் அழுத்தினாள். புகை கிளம்பியது. ராக்கெட் அசைந்து, எழுந்து, திரையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போயிற்று. போனில் ஒரே கூச்சல். என் அம்மா, இந்த விளையாட்டின் பேரைக்கூடச் சொல்லாதே என்ற அம்மா, "போயிருச்சா? பத்திரமாப் போயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

மறுநாள் இரண்டு ஊர்க் கோயிலிலும் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். ஆட்சேபணை ஒன்றும் இல்லை.

கல்யாணத்தன்று மண்டபத்தில் மேடையில் நின்றோம். பரிசு கொடுக்கிறவர்கள் வரிசை வாசல் வரைக்கும் நீண்டிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் முதல் பந்தி இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் என் பக்கம் லேசாகச் சாய்ந்து, உதட்டை அசைக்காமல், "உள்ள வர்றது அதிகம், வெளிய போறது கம்மி. அடைக்கப் போகுது" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து அவளுக்கும். போட்டோகிராபர் கெஞ்சினார், "அண்ணே, செத்த நேரம் சிரிக்காம நில்லுங்கண்ணே."

நிற்க முடியவில்லை. அந்தப் போட்டோதான் இப்போது எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. "ரெண்டு பேருக்கும் கடவாப் பல்லு வரைக்கும் தெரியுது" என்று அம்மா குறை சொல்வாள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவாள்.